இராஜினாமா என்னும் இசைவுக் கடிதம்

சுபாஷ் சந்திர போஸ் ஐ.சி.எஸ். பதவியைத் ‘தூக்கி எறிந்தார்’ என்பது மேடைப் பேச்சுகளில் நிலைபெற்றுவிட்ட தொடர். அவ்வினைச்சொல்லில் வீரம் இருக்கிறது. நடந்த நிகழ்வின் இயல்பு அதில் இல்லை. 1921 ஏப்ரல் 22 அன்று இந்தியாவுக்கான அமைச்சர் எட்வின் மாண்டேகுவுக்கு அவர் எழுதிய கடிதத்தில் முதலில் கண்ணில் படுவது அதன் அடக்கமே.

கடிதம் மிகச் சுருக்கமானது. பயிற்சியாளர் பட்டியலிலிருந்து தம் பெயரை நீக்கவேண்டும் என்று கேட்கிறது. 1920 ஆகஸ்டில் நடந்த போட்டித் தேர்வின் வழியாகத் தாம் தெரிவானதைக் குறிப்பிடுகிறது. அதுவரை பெற்ற உதவித்தொகை 100 பவுண்டு எனக் கணக்குச் சொல்லி, விலகல் ஏற்கப்பட்டவுடன் அத்தொகையை இந்தியா அலுவலகத்துக்குச் செலுத்திவிடுவதாக உறுதியளிக்கிறது. ஜாலியன்வாலா பாக் குறித்தோ ஒத்துழையாமை இயக்கம் குறித்தோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

காரணங்கள் இல்லாமல் இல்லை. அவை வேறிடத்தில் எழுதப்பட்டன. தேர்வில் நான்காம் இடம் பெற்ற செய்தி 1920 செப்டம்பரில் கிடைத்தது முதல், அண்ணன் சரத் சந்திர போஸுக்கு அவர் தொடர்ந்து எழுதிய கடிதங்களில் முழு விவாதமும் இருக்கிறது. புதிய சீர்திருத்தங்களின்கீழ் தன்மானமுள்ள இந்திய அதிகாரி ஒருவர் பணியாற்ற இயலும், பத்தாண்டுகளுக்குள் தன்னாட்சியும் வந்துவிடும் என்பது தந்தை ஜானகிநாத்தின் கருத்து. அந்நிய அரசுக்கு விசுவாசம் கூறும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டபின் நாட்டுக்கு நேர்மையாக உழைக்க இயலாது என்பது மகனின் மறுமொழி. குடும்பத்தின் நம்பிக்கையை உடைக்கிறோம் என்பதை அவர் அறிந்தே இருந்தார். அந்த வேதனையும் அக்கடிதங்களில் பதிவாகியிருக்கிறது. 1921 பிப்ரவரியில் சித்தரஞ்சன் தாஸுக்கு எழுதித் தம்மால் என்னென்ன பணிகள் செய்ய இயலும் என்று தெரிவித்ததும், விலகலுக்குப் பின் என்ன என்ற கேள்விக்கு விடை தேடிய முயற்சியே.

ஆக, அரசின் பார்வையில் திடீரென வந்த அறிவிப்பு, எழுதியவரின் பார்வையில் ஏழு மாத ஆலோசனையின் முடிவு. உடன்படிக்கையில் கையொப்பமிடும் முன்பே விலகியதால், கொடுத்த வாக்கை மீறினார் என்று எவரும் குறைகூற இடமில்லாமல் போயிற்று. பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்ததால் கடன்பட்டவர் என்ற பெயரும் எழவில்லை.

இந்தியா அலுவலகத்தின் நிரந்தரத் துணைச் செயலர் சர் வில்லியம் டியூக், அப்போது லண்டனிலிருந்த மூத்த அண்ணன் சதீஷ் சந்திரர் வாயிலாக முடிவை மறுபரிசீலனை செய்யுமாறு வற்புறுத்தினார். டியூக் ஒரிசாவில் பணியாற்றிய காலத்திலேயே தந்தையை அறிந்தவர். கேம்பிரிட்ஜில் பிட்ஸ்வில்லியம் ஹாலின் தலைவராக இருந்த ரெடவே, எதிர்பாராத வகையில், முடிவை மனமார வரவேற்றார். கடிதம் எவரையும் புண்படுத்தாமல் எழுதப்பட்டிருந்ததால், எதிர்த்தவரும் ஆதரித்தவரும் ஒருபோல் மரியாதையுடனேயே நடந்துகொள்ள முடிந்தது. விலகியபின் போஸ் உடனே ஊர் திரும்பவுமில்லை. கேம்பிரிட்ஜ் பட்டத் தேர்வை எழுதி முடித்த பின்னரே கப்பலேறினார். 1921 ஜூலை 16 அன்று பம்பாயில் இறங்கி, அன்றே காந்தியைச் சந்தித்தார்.

இங்கே ஒரு சொல்லின் வரலாறு பொருத்தமானது. தமிழில் வழங்கும் ‘இராஜினாமா’, பாரசீக வழி வந்த ‘ராஸீ நாமா’ என்பதன் திரிபு. ‘ராஸீ’ என்றால் இசைவு, மனநிறைவு. ‘நாமா’ என்றால் மடல். இன்றும் இந்தியிலும் உருதுவிலும் அச்சொல் சமரசப் பத்திரத்தையே குறிக்கிறது. பதவி விலகலுக்கு அங்கே ‘இஸ்தீஃபா’ என்ற வேறு சொல் உண்டு. பம்பாய் மாகாண நிலவரி நிர்வாகத்தில், உழவர் தம் வசமிருந்த நிலத்தை விட்டுக்கொடுத்து எழுதித்தரும் பத்திரத்துக்கும் இப்பெயரே வழங்கியது. அதாவது, கையிலிருப்பதை மனமிசைந்து ஒப்படைக்கும் எழுத்து. சண்டையிட்டு வெளியேறுவது என்ற பொருள் அச்சொல்லின் வேரில் இல்லை.

இந்த அளவுகோலால் நோக்கினால், 1921 ஏப்ரல் 22-ஆம் நாள் கடிதம் சொல்லின் மூலப்பொருளுக்கு மிக நெருங்கிய ஆவணம். எதிர்ப்பை அவர் பின்னாளில் மேடைகளிலும் சிறைகளிலும் களத்திலும் வெளிப்படுத்தினார். விலகல் மடலில் அதற்கு இடம் தரவில்லை. ஒப்படைக்க வேண்டியவற்றை மட்டும் அதில் ஒப்படைத்தார்: பட்டியலில் இருந்த ஒரு பெயர், 100 பவுண்டு.