பெயரில் தொங்கிய உயிர்கள்: போர்வீரர்களின் மனக்காயம்

நோய்க்கு எந்தப் பெயர் வைத்தால் என்ன, நோய் நோய்தானே என்று கேட்பவர்கள் உண்டு. போர்க்களத்தில் மனம் உடைந்துபோன வீரர்களின் வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. அவர்களுக்குச் சிகிச்சையா, தண்டனையா என்பதை முடிவு செய்ததே அந்தப் பெயர்தான்.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், உடலில் காயமே இல்லாத வீரர்கள் பலர் நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல் என்று மருத்துவமனைக்கு வந்தனர். அவர்களைப் பரிசோதித்த டாக்டர் ஜேக்கப் டா கோஸ்டா, 1871இல் இதனை 'எரிச்சலுற்ற இதயம்' என்றார். அன்று பழி இதயத்தின் மேல் விழுந்தது.

குண்டதிர்ச்சி

முதல் உலகப் போரில் 'ஷெல் ஷாக்', அதாவது குண்டதிர்ச்சி என்ற சொல் பரவியது. பிரிட்டிஷ் உளவியலாளர் சார்ல்ஸ் மையர்ஸ் 1915 பிப்ரவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். குண்டு வெடிக்கும் அதிர்வு மூளையைக் குலுக்கிவிடுகிறது என்றே முதலில் பலரும் கருதினர். ஆனால், குண்டு விழுந்த இடத்திற்கு அருகிலேயே இல்லாதவர்களுக்கும் கைநடுக்கமும் பேச்சிழப்பும் வந்தன.

இராணுவம் இவர்களை இரண்டாகப் பிரித்தது. எதிரியின் குண்டால் வந்தது என்றால் அது காயம். காயப்பட்டவருக்குரிய பட்டையும் ஓய்வூதியமும் கிடைக்கும். இல்லையென்றால் அது வெறும் நோய், இரண்டும் கிடையாது. நடுக்கம் ஒன்றுதான், ஏட்டில் எழுதப்பட்ட எழுத்துதான் வேறு! 1917இல் அச்சொல்லையே போர்முனை மருத்துவர்கள் எழுதக்கூடாது என்று உத்தரவு வந்தது. மையர்ஸும் பின்னாளில் அது பொருத்தமற்ற சொல் என ஒப்புக்கொண்டார்.

கோழை என்ற முத்திரை

மூன்றாவதாக ஒரு பெயரும் இருந்தது. அது 'கோழை'. ஹாரி ஃபார் என்ற பிரிட்டிஷ் வீரர் 1915இல் குண்டதிர்ச்சிக்காக ஐந்து மாதம் மருத்துவமனையில் இருந்தார். கை நடுங்கியதால், மனைவிக்கு அவர் அனுப்பிய கடிதங்களைத் தாதிதான் எழுதினார். 1916 செப்டம்பரில், சொம் போர்முனைக்குத் தம்மால் இனிப் போக முடியாது என்றார். இராணுவ நீதிமன்றத்தில் அவருக்காக வாதாட எவரும் இல்லை. அக்டோபரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவிக்குக் கிடைக்க வேண்டிய ஓய்வூதியமும் நின்றது.

கோழைத்தனத்திற்கும் படையை விட்டு ஓடியதற்கும் விதிக்கப்பட்ட மரண தண்டனையை 1930இல்தான் பிரிட்டன் நீக்கியது. 2006இல், சுட்டுக் கொல்லப்பட்ட 306 வீரர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அப்போது ஃபாரின் மகளுக்கு 90 வயது கடந்திருந்தது.

இரண்டாம் உலகப் போரில் பெயர் 'போர்க்களச் சோர்வு' என மாறியது. ஆயினும் பழைய எண்ணம் எளிதில் மறையவில்லை. 1943 ஆகஸ்டில் சிசிலித் தீவில், மருத்துவமனையிலிருந்த இரண்டு வீரர்களை அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பாட்டன் கோழைகள் என்று ஏசிக் கன்னத்தில் அறைந்தார். மேலதிகாரி ஐசனோவரின் கட்டளைப்படி அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

வீரர்களே பெற்ற பெயர்

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 1952ஆம் ஆண்டுக் கையேட்டில் 'கடும் அழுத்த எதிர்வினை' என்ற பிரிவு இருந்தது. 1968இல், வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தபோது வெளிவந்த மறுபதிப்பில் அது நீக்கப்பட்டது. நாடு திரும்பிய வீரர்களின் துன்பத்திற்குப் பெயரே இல்லாமல் போயிற்று. 1970 முதல் அவர்கள் நியூயார்க்கில் கூடி, கண்டதையும் செய்ததையும் மனம்விட்டுப் பேசினர். ராபர்ட் லிஃப்டன், ஹயிம் ஷாட்டன் ஆகிய மனநல மருத்துவர்கள் அவர்களுடன் அமர்ந்து கேட்டனர். நீண்ட போராட்டத்திற்குப் பிறகு, 1980ஆம் ஆண்டுக் கையேட்டில் 'பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனவழுத்த நோய்' இடம்பெற்றது.

இந்தப் பெயரில் இதயமும் இல்லை, குண்டும் இல்லை, கோழையும் இல்லை. நோயின் காரணம் அந்த மனிதனின் குணத்தில் இல்லை, அவனுக்கு நேர்ந்த கொடுமையில் இருக்கிறது என்று அது சொல்கிறது. அதனால்தான் விபத்திலும் வன்முறையிலும் பேரிடரிலும் சிக்கி மீண்ட பொதுமக்களுக்கும் இன்று அது பொருந்துகிறது.

நடுங்கும் கையைப் பார்த்து, 'இவனுக்கு என்ன குறை?' என்று கேட்ட உலகம், 'இவனுக்கு என்ன நேர்ந்தது?' என்று கேட்கக் கற்றுக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.