ஆசியாட் 82: லாபம் யாருக்கு?

கால்பந்து உலகக் கோப்பை நெருங்கினால் திருப்பூருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். போட்டி ஜெர்மனியில் நடந்தாலும் சரி, பிரேசிலில் நடந்தாலும் சரி, ரசிகர்கள் போட்டுக்கொள்ளும் டி-சர்ட்டுகளுக்கு ஆர்டர் வந்துவிடும். வேலம்பாளையம், அனுப்பர்பாளையம் பக்கத்து பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக், பேட்லாக் மிஷின்கள் நைட் ஷிப்டிலும் ஓடும். எந்த அணி ஜெயித்தாலும் சனிக்கிழமை சம்பளம் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், போட்டியை நடத்தாமலேயே ஓர் ஊர் இப்படிச் சம்பாதிக்கிறது. அப்படியானால் கோடிகளைக் கொட்டி நடத்தும் நாட்டுக்கு என்ன கிடைக்கிறது? பள்ளிக்கூடக் கட்டுரைகளில் இதற்குப் பதில் ரெடியாக இருக்கும்: சுற்றுலா வளரும், சாலைகள் வரும், வேலைவாய்ப்பு பெருகும், நாட்டின் புகழ் ஓங்கும். எல்லாம் ஓரளவு உண்மைதான். ஆனால் அந்த 'வேலைவாய்ப்பு' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க, 1982ஆம் ஆண்டு டெல்லிக்குப் போக வேண்டும்.

முதல் ஆசியப் போட்டியே டெல்லியில்தான் நடந்தது, 1951 மார்ச்சில். சுதந்திரம் வாங்கி நான்கு வருடம்கூட ஆகவில்லை. 11 நாடுகள் வந்தன, இந்தியா 15 தங்கம் வாங்கி ஜப்பானுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. பழைய மைதானத்தைச் சரிசெய்து சிக்கனமாக முடித்தார்கள். 31 வருடம் கழித்து இரண்டாம் முறை வந்தபோது கதையே வேறு. ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம், இந்திரா காந்தி உள்விளையாட்டரங்கம், நீச்சல் குளம், வீரர்கள் தங்க ஆசியாட் கிராமம், ஓட்டல்கள், வரிசையாக மேம்பாலங்கள். தூர்தர்ஷன் கலருக்கு மாறியதும் அந்த வருடம்தான். 'அப்பு' என்ற யானைக்குட்டிதான் சின்னம். நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை நடந்த போட்டியில் 33 நாடுகள் கலந்துகொண்டன. (ஹாக்கி இறுதியில் பாகிஸ்தானிடம் 7-1 என்று தோற்றதைப் பலரும் மறக்கவே விரும்புவார்கள்!)

இத்தனையையும் குறுகிய காலத்தில் கட்டியது யார்? ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், ஒரிசா போன்ற மாநிலங்களிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். அரசு அமைப்புகள் வேலையைக் கான்ட்ராக்டர்களிடம் கொடுத்தன. கான்ட்ராக்டர்கள் 'ஜமாதார்' எனப்படும் ஏஜென்டுகள் மூலம் ஆள் பிடித்தார்கள். அன்று டெல்லியில் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. அந்தப் பணம் ஜமாதார் கைக்குப் போகும். அவர் ஆளுக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். பெண்களுக்கு 7 ரூபாய்தான் கிடைத்தது, 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் வேலை செய்தார்கள் என்றெல்லாம் புகார்.

ஒரு ரூபாய்தானே என்று தோன்றலாம். பீஸ் ரேட்டில் பத்து காசு குறைந்தால் வாரக் கடைசியில் எவ்வளவு குறையும் என்று தெரிந்த ஊர்க்காரர்களுக்கு அந்த ஒரு ரூபாயின் கனம் புரியும்.

ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் (பி.யு.டி.ஆர்.) என்ற டெல்லி அமைப்பு மூன்று சமூக ஆய்வாளர்களை அந்த இடங்களுக்கு அனுப்பியது. அவர்கள் கொடுத்த அறிக்கையோடு உச்ச நீதிமன்ற நீதிபதி பி.என்.பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது! தொழிலாளர்களின் நிலையை நேரில் போய்ப் பார்க்க மூன்று பேரையும் நியமித்தது.

அரசுத் தரப்பு சொன்ன பதில்கள் சுவாரசியமானவை. வழக்குப் போட்டவர்கள் தொழிலாளர்களே இல்லையே, அவர்களுக்கு இதில் என்ன உரிமை? கூலி கொடுக்க வேண்டியது கான்ட்ராக்டர், அரசு இல்லையே? இரண்டையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. நீதிமன்ற வாசலுக்கு வர வசதியில்லாத ஏழைகளுக்காக அக்கறையுள்ள யாரும் வரலாம் என்றது. வேலையைக் கான்ட்ராக்டில் விட்டதால் அரசின் பொறுப்பு போய்விடாது என்றது.

1982 செப்டம்பர் 18 அன்று, அதாவது போட்டி தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போது, தீர்ப்பு வந்தது. அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. சாட்டையைக் காட்டி வேலை வாங்குவது மட்டும்தான் கட்டாயமா? வேறு வழியில்லாமல், பசிக்குப் பயந்து குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக ஒருவர் வேலை செய்தால் அதுவும் கட்டாய உழைப்புதான் என்று நீதிமன்றம் விளக்கம் கொடுத்தது. கட்டட வேலை அபாயகரமானது, அதில் 14 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக்கூடாது என்றும் சொன்னது. மறு வருடமே, ராஜஸ்தானில் பஞ்ச நிவாரண வேலை செய்தவர்களுக்குக் கூலி குறைத்த வழக்கில் இதே விளக்கம் கைகொடுத்தது.

ஆசியாட் போட்டியால் நாட்டுக்குக் கிடைத்த நன்மைகளில் இதை யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் அந்த மேம்பாலத்தில் ஒருநாளும் போகாத கோடிக்கணக்கான பேருக்கு உபயோகப்பட்டது இதுதான். அதைப் போட்டி நடத்தியவர்கள் கொடுக்கவில்லை, அவர்களை எதிர்த்துக் கேட்டு வாங்கினார்கள்.

பாடம் நினைவில் நின்றதா? 2010ல் டெல்லியிலேயே காமன்வெல்த் போட்டி. மொத்தச் செலவை 18,532 கோடி ரூபாய் என்று மத்தியத் தணிக்கை அதிகாரி பின்னர் கணக்கிட்டார். 28 வருடம் கழித்து அதே பி.யு.டி.ஆர். அதே மாதிரிப் புகாரோடு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் அமைத்த குழுவும் தொழிலாளர் சட்டங்கள் மீறப்பட்டதைக் கண்டது. போட்டி தொடங்கச் சில நாட்கள் இருக்கையில் நேரு ஸ்டேடியம் அருகே கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் இடிந்து விழுந்தது. அடிபட்டதும் தொழிலாளர்களே.

இதை வைத்துப் போட்டியே வேண்டாம் என்று முடிவு கட்டுவதும் சரியில்லை. 2013 நவம்பரில் ஆனந்தும் கார்ல்சனும் மோதிய உலக செஸ் சாம்பியன் போட்டி சென்னையில் நடந்தது. கண்ணாடி அறைக்கு வெளியே பார்வையாளராக உட்கார்ந்திருந்த ஏழு வயதுப் பையன் குகேஷ், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் தானே உலக சாம்பியன் ஆனார். நடுவில் 2022ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டில் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை ஜெயித்ததும் அவர்தான். இந்த லாபத்தை எந்தத் தணிக்கை அதிகாரியாலும் கணக்குப் போட முடியாது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: செஸ்ஸுக்கு மேம்பாலம் தேவைப்படவில்லை.

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு என்று 2025 நவம்பர் 26 அன்று உறுதியானது. 2036 ஒலிம்பிக்குக்கும் இந்தியா விருப்பம் தெரிவித்திருக்கிறது. கட்டட வேலைக்கு மறுபடியும் ஒடிசாவிலிருந்தும் உ.பி.யிலிருந்தும் ஆட்கள் போவார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ரயிலேறி வருபவர்களும் அதே மாநிலங்களைச் சேர்ந்தவர்கள்தான். அகமதாபாத் அறிவிப்புக்கு ஐந்து நாள் முன்னால், நவம்பர் 21 அன்று, 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டமும் போய், அவற்றின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. ஆசியாட் தொழிலாளர் வழக்கு ஊன்றி நின்ற 23ஆவது பிரிவு மட்டும் அரசியல் சட்டத்தில் அப்படியே இருக்கிறது.