செப்புக்கம்பியுடன் ஒரு பேரம்

192.168.1.1 என்ற எண்ணைப் பலரும் மறந்திருக்கலாம். பி.எஸ்.என்.எல். அகலப்பட்டை இணைப்பு 2005 ஜனவரி 14 அன்று தொடங்கப்பட்டபின் வீடுகளுக்கு வந்த மோடம்கள் பலவற்றின் முகவரி அது. கணினியில் டெல்நெட் வழியாக அந்த முகவரியை அழைத்து, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இட்டால் ஒரு கட்டளைவரி திறக்கும். படங்களோ பொத்தான்களோ அங்கில்லை. ஆயினும் நம் வீட்டுக்கு வரும் கம்பியின் உண்மையான உடல்நிலை அங்கேதான் எழுதப்பட்டிருந்தது.

அந்தக் கம்பியின் கதை பழையது. 1882இல் சென்னையில் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்ட காலந்தொட்டு கம்பிக்கு இடப்பட்ட பணி ஒன்றே: மனிதக் குரலைச் சுமப்பது. அதற்கு 4 கிலோஹெர்ட்ஸ் போதும். அதற்கு மேற்பட்ட அலைவெண்கள் ஒரு நூற்றாண்டுக்காலம் தரிசாகக் கிடந்தன. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் ஜோசப் லெக்லைடர் அந்தத் தரிசை உழ ஒரு வழி கண்டார். நூற்றுக்கணக்கான கம்பிகள் நெருக்கமாக வந்து சேரும் இணைப்பக முனையில் ஒன்றன் சமிக்ஞை மற்றொன்றில் கசியும். வீட்டிலிருந்து களைத்து வரும் மெல்லிய சமிக்ஞை அந்தச் சந்தடியில் அமிழ்ந்துபோகும். ஆகவே வருவதற்கு அகன்ற பாதையும் போவதற்குக் குறுகிய பாதையும் வகுத்தால் மொத்தத்தில் இலாபம் என்றார் அவர். ஏ.டி.எஸ்.எல். என்பதன் முதலெழுத்து குறிக்கும் சமச்சீரின்மை இதுவே.

ஸ்டான்ஃபோர்டின் ஜான் சியோஃபி பாதையை 256 சிறு பாத்திகளாகப் பிரிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். 1993இல் பெல்கோர் நடத்திய சோதனையில் அம்முறை வென்றது. 1999இல் பன்னாட்டுத் தரமாயிற்று. 2003இல் வந்த ஏ.டி.எஸ்.எல்.2+ பாத்திகளை 512 ஆக்கியது.

தமிழகமும் இம்முயற்சியில் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சகாக்களும் சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாக்கிய டெனெட் குழு, பான்யன் நெட்வொர்க்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1990களின் பிற்பகுதியிலேயே டயஸ் என்ற அமைப்பை வடிவமைத்தது. ஒரே செப்பு இணையில் பேச்சையும் அறுபடாத இணையத்தையும் அனுப்புவது அதன் நோக்கம். ஆனால் பெருவழக்காகப் பரவியது ஏ.டி.எஸ்.எல். தான்.

இனிக் கட்டளைவரிக்கு வருவோம். பிராட்காம் சில்லு கொண்ட மோடம்களில் 'ஏ.டி.எஸ்.எல். இன்ஃபோ' என்ற கட்டளை சில எண்களைக் காட்டும். அவற்றுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று, வழியில் சமிக்ஞை எவ்வளவு தேய்கிறது என்பது. 20 டெசிபெல் என்றால் இணைப்பகம் அருகில். 60 என்றால் தொலைவில். மற்றது, இரைச்சலுக்கு மேல் கையிருப்பாக வைத்திருக்கும் இடைவெளி. பொதுவாக 6 டெசிபெல்லை இலக்காக வைப்பார்கள். 'ஏ.டி.எஸ்.எல். கான்ஃபிகர்' என்ற மற்றொரு கட்டளையால் அந்த இலக்கை மாற்றலாம். குறைத்தால் வேகம் கூடும்; ஆனால் சிறிது இரைச்சல் எழுந்தாலும் இணைப்பு அறுபடும். கூட்டினால் வேகம் குறையும்; இணைப்பு நிலைக்கும். இது கம்பியுடன் நடத்தும் பேரம். சந்தாதாரரும் அதில் ஒரு தரப்பாக அமர முடிந்தது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

ஆனால் எந்தப் பேரமும் தொலைவை வெல்லாது. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் ஏ.டி.எஸ்.எல். தள்ளாடும். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் உண்டு. ஒரே இணைப்பகத்திலிருந்து செப்பால் இரு முனைகளையும் எட்ட இயலாது. இந்தத் தடத்திலேயே செப்பின் போட்டியாளரும் பிறந்தது வரலாற்றின் விநோதம். அகலப்பட்டை தொடங்கிய மறு ஆண்டு, 2006இல், ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கைப்பேசி பெருகப் பெருக வீட்டுத் தொலைபேசி தேய்ந்தது. 2014இல் அந்த ஆலையும் மூடப்பட்டது. 2020களில் அதே தடத்தில் நோக்கியாவின் மற்றோர் ஆலை, ஒளியிழை இணைப்பகக் கருவிகளைச் செய்யத் தொடங்கியது.

கட்டளைவரியின் கதவு இதற்கிடையே சாத்தப்பட்டு வந்தது. மோடமைத் தொலைவிலிருந்தே நிறுவனம் அமைக்க வழிசெய்யும் டி.ஆர்.069 என்ற நெறி 2004இல் வெளியானது. கதவைச் சாத்த நியாயமான காரணமும் இருந்தது. 2017 ஜூலையில் பிரிக்கர்பாட் என்ற தீநிரல், ஆலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத பி.எஸ்.என்.எல். மோடம்களுக்குள் புகுந்து அவற்றைச் செயலிழக்கச் செய்தது. வீட்டுக்காரர் பெரும்பாலும் அறியாத வாசலைத் திருடன் அறிந்திருந்தான்.

ஒளியிழையில் செப்பின் இரைச்சல் இல்லை, பேரத்துக்கும் தேவையில்லை. வேகமும் பன்மடங்கு. இதை இழப்பு என்று புலம்புவது பொருந்தாது. எனினும் இணைப்பு மந்தமானால், குறை கம்பியிலா, கருவியிலா, நிறுவனத்திலா என்று எண்களைக் கொண்டு வாதிடும் வாய்ப்பு அன்று சாமானியனுக்கு இருந்தது. இன்று பெரும்பாலோர் அறிவது சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் மட்டுமே. மூடிய வாசலின் சாவியைப் பாதுகாப்பாக வைத்திருப்பது நிறுவனத்தின் கடமை. உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கும் உரிமையேனும் சந்தாதாரருக்கு மிஞ்ச வேண்டும்.