நடுக்குவாத மருத்துவத்தின் வரலாறு

நீர்க்குவளையை எடுத்து வாயில் வைத்தலும், சட்டைத் தெறியைப் பூட்டுதலும், கையொப்பமிடுதலும் நாடோறும் நிகழும் எளிய செயல்கள். அவற்றைச் செய்யுங்கால் எவரும் அவற்றைப் பற்றிச் சிந்திப்பதில்லை. பார்க்கின்சன் நோய் என வழங்கும் நடுக்குவாதம் இவ்வெளிய செயல்களையே மனிதனிடமிருந்து சிறிது சிறிதாகக் கவர்ந்துகொள்கின்றது. ஓய்ந்திருக்கும் கை நடுங்கும், தசைகள் இறுகும், அசைவு தாமதிக்கும், நடை குறுகும். இந்நோயை எதிர்த்து மருத்துவர் இருநூறு ஆண்டுகளாக நடத்திய முயற்சியின் வரலாறு வெற்றிகளின் வரிசையன்று. தற்செயலாய் நேர்ந்தவற்றைக் கூர்ந்து நோக்கியோரும், செய்தபின் மாற்றவியலாத செயல்களைத் துணிந்து செய்தோரும், இறுதியில் மாற்றத்தக்க வழியொன்றைக் கண்டோரும் அதன்கண் இடம்பெறுகின்றனர்.

நடுக்கத்தோடு கூடிய நோயை ஆயுர்வேத நூலார் கம்பவாதம் என வழங்கினர். ஐரோப்பிய மருத்துவத்தில் இதனைத் தனியொரு நோயாக வரையறுத்தவர் இலண்டனைச் சார்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆவர். 1755 ஆம் ஆண்டிற் பிறந்த இவர், மருத்துவத்தோடு அரசியற் சீர்திருத்தத்திலும், தொல்லுயிர்ச் சுவடுகளின் ஆராய்ச்சியிலும் ஈடுபட்டவர். 1817 இல் நடுக்குவாதத்தைப் பற்றி அவர் வெளியிட்ட சிறு நூல் அறுவரின் நிலையை மட்டுமே விவரிக்கின்றது. அவருள் மூவர் வீதியிற் காணப்பட்டோர். அம்மூவருள்ளும் ஒருவர் தூரத்தே நோக்கப்பட்டவர். பிரேத பரிசோதனை எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. கழுத்தின் மேற்பகுதியிற் குருதி வாங்குதலே அவர் கூறத்தக்க பரிகாரமாயிருந்தது. ஆயினும், நோய் மேலும் வளராது தடுத்து நிறுத்தும் முறையாவது விரைவிற் கண்டறியப்படும் என்னும் நம்பிக்கையை அவர் அந்நூலிற் பதித்துச் சென்றார்.

அந்நூல் நெடுங்காலம் பெரிதும் கவனிக்கப்படாதிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பாரிஸ் நகரின் சல்பேத்ரியேர் வைத்தியசாலையிற் பணியாற்றிய ஷார்கோ என்னும் பேராசிரியர், நோயாளர் அனைவரும் நடுங்குவதில்லை என்பதையும், இது உண்மையான பாரிசவாதமன்று என்பதையும் எடுத்துக்காட்டி, நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரையே சூட்டினார். 1919 இல் திரேத்தியாக்கொவ் என்பார், இந்நோயால் இறந்தோரின் நடுமூளையிலுள்ள கருநிறப் பகுதியின் கலங்கள் அழிந்திருப்பதைக் கண்டார். நோயின் இருப்பிடம் இவ்வாறு புலனாயிற்று. எனினும் இருப்பிடத்தை அறிதல் வேறு. ஆங்குச் சென்று உதவுதல் வேறு.

மருந்து பயன்படாவிடத்துக் கத்தி முன்வந்தது. 1930 ஆம் ஆண்டுகளிற் சத்திர வைத்தியர் சிலர் மூளையின் மேற்பரப்பில் அசைவை ஆளும் பகுதியை வெட்டியகற்றினர். நடுக்கம் தணிந்தது, அதனோடு கையின் வலிமையும் குன்றியது. ஒரு துன்பத்தைக் கொடுத்து மற்றொன்றை வாங்கியதாகவே அது முடிந்தது. 1952 இல் நியூயோர்க்கில் இர்விங் கூப்பர் என்னும் சத்திர வைத்தியர் இத்தகைய சிகிச்சையொன்றைத் தொடங்கியபோது, கருதாத இடத்திற் குருதிக் குழாயொன்று கிழிந்தது. அவர் அதனைக் கட்டிவிட்டு, மேற்செல்லாது சிகிச்சையை நிறுத்தினார். நோயாளி கண்விழித்தபோது நடுக்கமும் இறுக்கமும் நீங்கியிருந்தன. கையின் வலிமையோ குன்றவில்லை. மூளையின் ஆழத்தே ஒரு சிறு பகுதி குருதியின்றி அழிந்தமையே இதற்குக் காரணமெனக் கூப்பர் உய்த்துணர்ந்தார்.

இவ்விபத்து ஆழப்பகுதிச் சத்திர சிகிச்சைக்கு ஊக்கமளித்தது. மண்டையோட்டிற் சட்டமொன்றைப் பொருத்தி, அளவு கணித்து, ஊசியை உள்ளே செலுத்தும் கருவியைப் பிலடெல்பியாவில் ஸ்பீகல், வைசிஸ் என்போர் 1947 இல் மனிதர்க்கு ஏற்றவாறு அமைத்திருந்தனர். இதன் துணையால் அசைவோடு தொடர்புடைய கருக்களை மதுசாரத்தாலும், வெப்பத்தாலும், கடுங்குளிராலும் அழித்தனர். பலர் பயனடைந்தனர். ஆனால் அழிக்கப்பட்ட பகுதி மீளாது. ஊசி சற்றே விலகின், விளைந்த கேடு ஆயுட்காலம் முழுவதும் நிலைத்தது. மூளையின் இருபுறத்தும் இதனைச் செய்தபோது பேச்சுக் குன்றுதலும் அரிதன்று.

இந்நிலையில் வேதியியல் வேறொரு வாயிலைத் திறந்தது. சர்ப்பகந்தி வேரிலிருந்து பெறப்படும் ரெசர்ப்பீன் என்னும் மருந்தை முயல்களுக்குச் செலுத்தினால் அவை அசைவற்றுக் கிடக்கும். 1957 இற் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல்சன் அவற்றுக்கு டோபா என்னும் பொருளைக் கொடுத்தபோது அவை மீண்டும் எழுந்து இயங்கின. மூளையில் அப்பொருள் டோபமைனாக மாறுவதே இதன் காரணம். 1960 இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச் என்பார், நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளையில் டோபமைன் பெரிதும் குறைந்திருப்பதைக் கண்டார். லெவொடோபா எனப்படும் மருந்து 1961 இல் ஆங்கு நோயாளர்க்கு ஊசிமூலம் ஏற்றப்பட்டது. 1967 இற் கொட்சியாஸ் என்னும் மருத்துவர் அதனை வாய்வழியாகப் படிப்படியாய்ப் பெருகக் கொடுத்து நிலைத்த பயன் கண்டார். ஆயுர்வேதத்திற் பயின்ற பூனைக்காலி விதையில் இப்பொருள் உண்டென்பதைத் தாமோதரன், இராமசாமி என்னும் இந்திய ஆய்வாளர் 1937 இலேயே காட்டியிருந்தமை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

லெவொடோபாவின் வருகையாற் சத்திர சிகிச்சை பெரிதும் கைவிடப்பட்டது. ஆயினும், ஆண்டுகள் சென்றபின் மருந்தின் பயன் ஒவ்வொரு வேளைக்கும் இடையே விரைந்து தேய்ந்தது; நோயாளி ஒருபொழுது உறைந்தும், ஒருபொழுது அடக்கவியலாது நெளிந்தும் துன்புற்றார். மருத்துவர் மீண்டும் மூளையின் ஆழத்தை நோக்க நேர்ந்தது.

1987 இற் பிரான்சின் கிரெனோபிள் நகரிற் சத்திர வைத்தியர் பெனாபிட், நரம்பியல் வைத்தியர் பொல்லாக்கோடு இணைந்து நடுக்க நோயாளர்க்குச் சிகிச்சை செய்துவந்தார். தலமஸ் என்னும் கருவில் ஒரு பகுதியை அழிக்குமுன், இடம் சரியானதா எனச் சோதித்தற்பொருட்டு மின்வாயினூடாகச் சிறு மின்னோட்டம் செலுத்துதல் வழக்கம். நோயாளி விழித்திருப்பார், மூளைக்கு நோவுணர்வு இல்லை. மின்துடிப்புச் செக்கனுக்கு ஏறத்தாழ 100 தடவையை எட்டியபோது நடுக்கம் நின்றது. மின்னோட்டத்தை நிறுத்தியதும் நடுக்கம் திரும்பிற்று. சோதனையே சிகிச்சையாகலாம் எனப் பெனாபிட் கண்டார். மூளையில் மின்வாய் பதித்தல் நோவு நீக்கும் பொருட்டு முன்னரே முயலப்பட்டதொன்று. எனினும், அழிவினால் விளையும் நன்மையை அழிக்காமலே பெறலாம் என்பதை இந்நோயில் நிலைநாட்டியமை கிரெனோபிளின் பெருமையாகும்.

தலமஸிற் செலுத்திய மின்னோட்டம் நடுக்கத்தைத் தணித்ததேயன்றி, இறுக்கத்தையும் அசைவின் மந்தத்தையும் பெரிதும் மாற்றவில்லை. அவற்றுக்குரிய இடத்தைக் காட்ட ஓர் அவல நிகழ்ச்சி உதவியது. 1982 இற் கலிபோர்ணியாவிற் போதைப்பொருளின் போலியை உட்செலுத்திய இளைஞர் சிலர் திடீரென உறைந்தவராயினர். அதிற் கலந்திருந்த நச்சுப்பொருள் மூளையின் கருநிறப் பகுதியை அழித்ததென லாங்ஸ்டன் என்னும் மருத்துவர் கண்டறிந்தார். அந்நஞ்சாற் குரங்குகளில் நோயைத் தோற்றுவித்து ஆராய இயன்றது. 1990 இல் டெலோங்கும் அவர்தம் துணைவரும், தலமஸின் கீழுள்ள சிறு கருவொன்று மிகையாய் இயங்குவதே நோய்க்குறிகளுக்குக் காரணமென்றும், அதனை அழிப்பின் குரங்குகள் மீண்டும் இயங்குமென்றும் காட்டினர். அக்கருவைக் குறிவைத்தே 1993 இற் பெனாபிட் குழுவினர் மின்வாயைப் பதித்தனர். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நடுக்கத்திற்கு 1997 இலும், பார்க்கின்சன் நோய்க்கு 2002 இலும் இம்முறைக்கு ஒப்புதல் அளித்தது.

மூளையில் நுண்ணிய மின்வாய். தோலின் கீழே கழுத்து வழியாக இறங்கும் கம்பி. காறை எலும்பின்கீழ் மின்கலத்தோடு கூடிய சிறு பெட்டி. இதுவே ஆழ்மூளைத் தூண்டற் கருவியின் அமைப்பு. இதயத்துடிப்பைச் சீர்செய்யும் கருவியின் வழிவந்தது இது. மின்னோட்டத்தின் வலுவையும் விரைவையும் உடலைத் திறவாமலே வெளியிலிருந்து மாற்றலாம், வேண்டாவிடின் நிறுத்தலாம். எனினும் இது எல்லார்க்கும் உரியதன்று. லெவொடோபாவாற் பயன்பெறுவோரே பெரும்பாலும் இதனாலும் பயன்பெறுவர். தளரும் நினைவையும், குலையும் சமநிலையையும் இது மீட்பதில்லை. குருதிப்பெருக்கு, தொற்று, பேச்சுத் தடுமாற்றம், மனநிலை மாற்றம் ஆகிய இடர்களும் உள. அனைத்திற்கும் மேலாக, கலங்களின் அழிவை இது தடுப்பதாக நிறுவப்படவில்லை. கருவியை நிறுத்தின் மறைந்திருந்த நோய் வெளிப்படும்.

ஆகவே, நோயின் வளர்ச்சியைத் தடுத்தல் என்று 1817 இற் பார்க்கின்சன் கொண்ட நம்பிக்கை இன்னும் நிறைவேறவில்லை. நிறைவேறியது பிறிதொன்று: உலகெங்கும் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் இம்முறையாற் குவளையைப் பிடிக்கவும், தெறியைப் பூட்டவும், தம் பெயரைத் தாமே எழுதவும் சில ஆண்டுகளேனும் இயன்றவராயினர். அதனினும் சிறந்த பாடமொன்றும் இவ்வரலாற்றில் உண்டு. குருதிக் குழாய் கிழிதலும், சோதனை மின்னோட்டத்தில் நடுக்கம் நிற்றலும் எங்கும் நிகழக்கூடியவை. அவற்றைக் கண்டு ஏன் என்று வினவியோரே அறிவை வளர்த்தனர். மனித மூளையைத் தொடும் கை, தான் பிழைபடக் கூடும் என்பதை நினைவிற்கொண்டு, மீளும் வழியொன்றைத் திறந்து வைத்தபின்னரே உள்ளே செல்லுதல் வேண்டும் என்பதை அவ்வறிவு மருத்துவர்க்குக் கற்பித்தது.