கார் சன்னலில் தொங்கிய ஒலிபெருக்கி

ஞாயிறுதோறும் வாடகை மண்டபத்தில் கம்பிகளை விரித்து, கூட்டம் முடிந்ததும் சுருட்டி வேனில் ஏற்றிப் பழகியவர்களுக்கு ஒரே ஏக்கம்தான்: சொந்தக் கட்டடம் வந்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு தேவாலயம் கடந்து வந்த பாதையைப் பார்த்தால், தொல்லை தீர்வதில்லை, இடம் மாறுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1955-ஆம் ஆண்டு ராபர்ட் ஷூலர் என்ற இளம் போதகர் 500 டாலருடன் அங்கு வந்தார். கூடுவதற்கு மண்டபம் கிடைக்கவில்லை. காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்தார். (ஜூரோங்கில் 1971 முதல் 1985 வரை இருந்ததே, அந்த வகை அரங்குதான்.) சிற்றுண்டிக் கடையின் கூரைமீது நின்று பிரசங்கம் செய்தார். மனைவி வாசித்த மின்னணு ஆர்கனை, காரின் பின்னால் பூட்டிய இழுவண்டியில் வாரந்தோறும் கொண்டுவந்தார்.

ஒலி ஏற்பாடு எளிமையானது. காருக்குப் பக்கத்துக் கம்பத்தில் தொங்கும் சிறு ஒலிபெருக்கியை எடுத்துச் சன்னலில் மாட்டிக்கொள்ள வேண்டும். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதிலேயே திருகு உண்டு. சுவரே இல்லாத இடத்தில் எதிரொலி எங்கிருந்து வரும்? பேச்சு காதருகே தெளிவாகக் கேட்டது.

சபை வளர்ந்து சிறிய தேவாலயம் கட்டியபோதுதான் சிக்கல் வந்தது. வாரந்தோறும் வந்த ஒருவருடைய மனைவி பக்கவாதத்தால் முடங்கியவர். காரைவிட்டு இறங்க இயலாது. கட்டடத்துக்குள் போய்விட்டால் அவர் கதி என்ன? ஷூலர் காலையில் தேவாலயத்திலும், பிறகு திரையரங்கிலும் என இரண்டு இடத்திலும் ஆராதனை நடத்தினார்.

இதற்கு விடை கண்டவர் வியன்னாவில் பிறந்த கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நியூட்ரா. 1961-இல் கார்டன் குரோவ் நகரில் அவர் அமைத்த தேவாலயத்தில் பக்கவாட்டுக் கண்ணாடிச் சுவர் விலகித் திறக்கும். உள்ளே இருக்கையில் இருப்பவர்களும் வெளியே காரில் இருப்பவர்களும் போதகரை ஒரே நேரத்தில் பார்க்கலாம், கேட்கலாம். யாருக்காகக் கட்டுகிறோம் என்பதை முதலில் கேட்டுவிட்டுக் கட்டிய கட்டடம் அது. பின்னால் வந்த பெரிய கட்டடத்தைவிட இதுவே சிறந்தது என்பேன்.

1970-இல் தொலைக்காட்சி ஆராதனை தொடங்கியது. கூட்டம் பெருகியது. 1980-இல் பிலிப் ஜான்சன், ஜான் பர்கீ ஆகியோர் வடிவமைத்த பளிங்குப் பேராலயம் திறக்கப்பட்டது. இரும்புச் சட்டகத்தில் 10,000-க்கும் அதிகமான கண்ணாடிகள். சுமார் 27 மீட்டர் உயரக் கதவுகள் திறந்து, காரில் வந்தவர்களுக்கும் வழிவிட்டன. பார்க்க அற்புதம்! ஆனால் கண்ணாடி ஒலியை உறிஞ்சாது, திருப்பி அடிக்கும். ஆர்கன் இசைக்கு அந்த நீண்ட அதிர்வு அழகு, பேச்சுக்கோ எதிரி. ஒரு சொல் அடங்குமுன் அடுத்த சொல் வந்து மோதும். ஒளியும் அப்படித்தான். கூரை முழுவதும் கண்ணாடி என்றால் கேமராவின் விளக்கைச் சூரியனே முடிவு செய்யும். இத்தகைய கூடங்களில் ஒலிப் பொறியாளர்கள் கடைசியில் நாடுவது, கேட்பவருக்கு அருகிலேயே சிறு ஒலிபெருக்கிகளை வைப்பதைத்தான். கார் சன்னலில் தொங்கியது அதுதானே!

2010 அக்டோபரில் சபை திவால் பாதுகாப்பு கோரியது. ஆரஞ்சு கத்தோலிக்க மறைமாவட்டம் 5 கோடியே 75 லட்சம் டாலருக்கு வளாகத்தை வாங்கியது. 2013-இல் பழைய சபையினர் வேறொரு சிறிய தேவாலயத்துக்குப் பெயர்ந்தனர். கண்ணாடிக்கு உட்புறம் ஒளியையும் வெப்பத்தையும் மட்டுப்படுத்தும் ஆயிரக்கணக்கான தகடுகளைப் பொருத்தி, 2019 ஜூலையில் கத்தோலிக்கப் பேராலயமாகத் திறந்தார்கள்.

அசையாத சொத்தாக நிறுவப்பட்ட பெரிய ஆர்கனும் தப்பவில்லை. 16,000-க்கும் அதிகமான அதன் குழல்கள் வெப்பத்தாலும் பூச்சிகளாலும் பழுதாகியிருந்தன. அவற்றைக் கழற்றி, செப்பனிட இத்தாலியின் பதுவா நகருக்குக் கப்பலில் அனுப்பினார்கள்.