டோலி

டோலி என்பது சாலை வசதியற்ற மலைக்கிராமங்களில் நோயாளியை நீண்ட மூங்கிலில் கட்டிய போர்வையிலோ சேலையிலோ கிடத்தி, வாகனம் வரும் இடம் வரை தோளில் சுமந்து செல்லும் முறை. தமிழ்நாட்டில் தருமபுரி, வேலூர், திருப்பூர் மாவட்ட மலைப்பகுதிகளில் வழக்கில் உள்ளது.

முன்னும் பின்னும் ஒருவராகத் தூக்குவர்; களைத்ததும் தோள் மாற்ற மேலும் சிலர் உடன் நடப்பர். மழையில் பாதை வழுக்கும், ஓடை பெருகும், இரவில் யானை நடமாட்டம் இருக்கும். பிரசவம், பாம்புக்கடி ஆகிய இரண்டிலும் தாமதம் உயிரைப் பறிக்கும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை மருத்துவமனை சேருமுன் இறந்தது. சாலை இல்லாததால் உடலையும் தாய் சுமந்தே திரும்ப நேர்ந்தது.

பெரும்பாலான ஊர்களில் தடையாவது செலவு மட்டுமன்று, நிலத்தின் வகைப்பாடும்தான். காப்புக்காட்டில் சாலை போட 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதில் விலக்கு அளிக்கிறது: கிராமசபை பரிந்துரைத்தால், 1 ஹெக்டேருக்குக் குறைவான காட்டுநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் வெட்டி, சாலைக்கும் மருந்தகத்துக்கும் ஒதுக்கலாம். நீண்ட மலைச்சாலைக்கு இந்த அளவு போதாது.

2008-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை சாலை முடியும் இடம் வரையே வரும். பேறுகாலம் நெருங்கிய பெண்களை முன்னதாகவே அழைத்து வந்து தங்கவைக்கும் காத்திருப்பு அறைகள் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ளன.