ஸ்காத்லாந்துத் திருச்சபையின் ஏழையர் பெட்டி

'பிரெஸ்பிட்டர்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மூப்பர் என்பது பொருள். தமிழ் விவிலியமும் மூப்பர் என்றே அதனைப் பெயர்த்து வழங்குகின்றது. பேராயர் ஆட்சியை ஏலாது, மூப்பர் குழுவின் ஆட்சியை ஏற்றுக்கொண்டமையால் பிரெஸ்பிட்டீரியன் திருச்சபை இப்பெயர் பெற்றது. இதன் வரலாற்றை எழுதுவோர் சமயக் கொள்கையையும் அரசரோடு நிகழ்ந்த பூசலையுமே பெரிதும் விரித்துரைப்பர். நாம் ஈண்டு ஆராயப் புகுவது, ஸ்காத்லாந்தின் ஊர்தோறும் கோயிலில் இருந்த ஏழையர் பெட்டியைப் பற்றியதாகும். ஒரு சபையார் ஒருவரையொருவர் எவ்வாறு தாங்கினர் என்பதும், அத்தாங்குதலுக்கு என்ன விலை கொடுத்தனர் என்பதும் அப்பெட்டியின் கணக்கால் விளங்கும்.

1560இல் ஸ்காத்லாந்துப் பாராளுமன்றம் போப்பாண்டவரின் அதிகாரத்தை நீக்கியது. ஜான் நாக்சு முதலியோர் அக்காலத்தில் வகுத்த 'முதல் ஒழுங்கு நூல்', பழைய திருச்சபையின் உடைமையைப் போதகர்க்கும் பள்ளிகட்கும் ஏழையர்க்கும் பயன்படுத்துதல் வேண்டும் என்றது. கைம்பெண்டிர், தந்தையற்ற சிறார், முதியோர், உடல் தளர்ந்தோர் ஆகியோரைப் புரப்பது சபையின் கடன் என்பது அந்நூலின் கருத்து. ஆயின் அவ்வுடைமையின் பெரும்பகுதி பிரபுக்கள் கையிற் சிக்கியிருந்தது, அவர்கள் விட்டுக்கொடுத்திலர். எனவே ஏழையரைக் காக்கும் பொறுப்பு, ஊர்ச் சபையார் இட்ட சில்லறைக் காசின்மேல் விழுந்தது.

போதகரும் மூப்பரும் கூடிய ஊர் மன்றத்திற்குக் 'கர்க் செஷன்' என்பது பெயர். 1579ஆம் ஆண்டுச் சட்டம் ஏழையர்க்காக வரி விதிக்க இடம் தந்தது. எனினும் நாட்டுப்புறங்களிற் பெரும்பாலும் இம்மன்றமே நெடுங்காலம் அப்பணியை ஆற்றி வந்தது. ஞாயிறுதோறும் கோயில் வாயிலில் தண்டிய காணிக்கை, சவத்தின்மேற் போர்த்தும் கருந்துணிக்குரிய வாடகை, ஒழுக்கம் பிழைத்தோர் இறுத்த தண்டம், இறந்தோர் எழுதிவைத்த கொடை, கடன் கொடுத்துப் பெற்ற வட்டி ஆகியன பெட்டியை நிரப்பின. செல்லாக் காசும் இடையிடையே விழுந்தது. மன்றத்தார் அதனைச் சேர்த்துவைத்துச் செம்பின் விலைக்கு விற்றனர். ஒருவரே திறவாவண்ணம் பெட்டிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டுகள் அமைத்து, திறவுகோல்களை வெவ்வேறு ஆட்கள் வைத்திருக்கும் வழக்கமும் இருந்தது.

செலவினங்களை நோக்குவார்க்கு ஊரின் வாழ்வு முழுவதும் புலனாகும். முதிய கைம்பெண்டிர்க்குத் திங்கள்தோறும் படி வழங்கினர். ஏழைச் சிறாரின் பள்ளிச் சம்பளத்தைச் செலுத்தினர். கைவிடப்பட்ட குழந்தையை வளர்க்கச் செவிலிக்குக் கூலி தந்தனர். சவப்பெட்டி வாங்க வழியில்லாதார்க்கு அதனையும் வாங்கியளித்தனர். உதவி ஊர் எல்லையோடு நின்றதன்று. தீப்பற்றிய நகரினர்க்கும், பாலம் கட்டும் அயலூரார்க்கும், வடஆப்பிரிக்கக் கடற்கொள்ளையரிடம் அகப்பட்ட மாலுமிகளை மீட்பதற்கும் தனிக் காணிக்கை தண்டினர். 1690களில் விளைவு பொய்த்து, நாடு கடும் பஞ்சத்துக்கு ஆளாயிற்று. மக்கள்தொகை பெரிதும் குறைந்த அக்கொடுங்காலத்தில், இச்சிறு பெட்டிகள் எல்லாரையும் காக்கும் ஆற்றல் பெற்றிருந்தன அல்ல.

இனி, இவ்வுதவி எதனை அடிப்படையாகக் கொண்டது என்று காண்போம். ஊர் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியும் ஒரு மூப்பரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. எவ்வீட்டில் நோய், எவ்வீட்டில் உணவில்லை என்பதை அவர் அறிவார். கேளாமலே உதவி சென்றதற்கு அவ்வறிவே காரணம். ஆனால் எவ்வீட்டில் பூசல், எவள் மணமின்றிக் கருவுற்றாள் என்பதையும் அவரே அறிவார். பிழை செய்தோர் சபையார் காண, கழுவாய் இருக்கையில் அமர்ந்து கண்டிக்கப்பட்டனர். நன்னடக்கைச் சான்றிதழ் இன்றி வேற்றூரிற் குடியேறுதல் அரிதாயிற்று. படி பெறுவோர் தம் எளிய தட்டுமுட்டுகளையும் மன்றத்துக்கு உரிமையாக்குதல் பலவிடத்து வேண்டப்பட்டது. அவர் இறந்தபின் அவை ஏலத்தில் விற்கப்பட்டுப் பணம் பெட்டியிற் சேர்ந்தது. ஆகவே பசி தீர்த்த கண்ணும் மானத்தைக் குலைத்த கண்ணும் ஒன்றே என்பது பெறப்படும்.

தொழிற்பெருக்கத்தால் இவ்வடிப்படை தளர்ந்தது. 1801இல் ஏறத்தாழ 77,000 மக்கள் வாழ்ந்த கிளாஸ்கோ நகரில் 1821இல் ஏறத்தாழ 1,47,000 பேர் வாழ்ந்தனர். ஆலைத் தெருவில் குடியேறியோரை அறிந்த மூப்பர் எவரும் இலர். இந்நிலையில், தாமஸ் சால்மர்ஸ் என்னும் போதகர் 1819இல் அந்நகரின் புனித யோவான் வட்டத்தை ஏற்றார். ஏறத்தாழ 2,000 குடும்பங்கள் கொண்ட அவ்வட்டத்தை 25 பகுதிகளாகப் பிரித்து, உதவிக்காரர்களை அமர்த்தினார். விண்ணப்பிப்போரின் சொந்த உழைப்பு, சுற்றத்தார் துணை, அண்டை வீட்டாரின் ஈரம், செல்வர் கொடை ஆகிய ஊற்றுகளை முதலில் நாடுதல் வேண்டும். பொதுப்பணம் இறுதியிலேயே வழங்கப்பெறும் என்பது அவர் கொள்கை. ஆண்டுக்கு 1,400 பவுனாக இருந்த செலவு 280 பவுனாகக் குறைந்தது என்பர். ஏழையர் ஒருவர்க்கொருவர் செய்யும் உதவியை அவர் மிக உயர்வாக மதித்தார்.

செலவு குறைந்தமையைக் கொண்டே துன்பமும் குறைந்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது. எடின்பரோ மருத்துவர் வில்லியம் புல்ட்னி அலிசன் 1840இல் இக்கொள்கையை மறுத்தெழுதினார். வறுமையே காய்ச்சல் பரவத் துணைசெய்கின்றது என்றும், உதவி பெறுதல் சட்டத்தால் உறுதிப்படல் வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். சால்மர்ஸ் 1823இல் கிளாஸ்கோவை நீங்கினார். அவர் தொடங்கிய முறை 1837இல் முடிவுற்றது.

1843 மே 18ஆம் நாள் திருச்சபை பிளவுற்றது. போதகர்களுள் மூன்றில் ஒரு பகுதியினர்க்கு மேல் வெளியேறிப் பிரீ சர்ச்சு என்னும் புதிய திருச்சபையை நிறுவினர். ஊர் முழுதும் ஒரு சபை என்ற நிலை மாறவே, 1845ஆம் ஆண்டுச் சட்டம் ஏழையர் காப்பைப் புதிய வட்டக் கழகங்களிடம் ஒப்படைத்தது. ஆயினும் பழைய பழக்கம் அழிந்துவிடவில்லை. புதிய திருச்சபையில், செல்வச் சபையும் எளிய சபையும் தந்த பணத்தை ஒரே நிதியிற் சேர்த்துப் போதகர்க்குப் பகிரும் முறையைச் சால்மர்ஸே வகுத்தார். 1837இல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சனும் பிளவின்போது அச்சபையையே சார்ந்தார். அப்பள்ளியே பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது.

இதுகாறும் கூறியவாற்றான் இரண்டு முடிபுகள் பெறப்படும். ஒருவர் நிலையை மற்றவர் அறிந்த இடத்தில் உதவி விரைந்து சென்றது. அறியாத இடத்தில் நல்லுள்ளமும் பயன்படவில்லை. அஃதொன்று. அவ்வறிவு கொடுப்போரிடம் மட்டும் தங்கியபோது, பெறுவோர் தம் மானத்தை விலையாகக் கொடுத்தனர். அஃது இரண்டாவது. முன்னதை மட்டும் கொண்டு இம்மன்றங்களைப் புகழ்வோரும், பின்னதை மட்டும் கொண்டு பழிப்போரும் பெட்டியின் கணக்கை முழுதும் படித்தவர் ஆகார். திறவுகோல்கள் பலரிடம் இருந்தன. அப்பலருள் படி பெற்ற கைம்பெண் ஒருத்தி இருந்தாள் அல்லள் என்பதை வரலாறு மறத்தல் கூடாது.